ஷெர்லாக் ஹோம்ஸ எழுதினவரு எடுத்த விக்கெட்ட நாமளே தேடிப் பிடிக்கிறது எப்படி?

ஆர்தர் கோனன் டாயில்னா நமக்கெல்லாம் ஷெர்லாக் ஹோம்ஸ்தான். ஆனா மனுஷன் சரியான கிரிக்கெட் பைத்தியம், லண்டனோட பழைய பெரிய கிரிக்கெட் கிளப்பான எம்சிசிக்கே ஆடிருக்காரு. யாரோ சொல்லி கேக்குறத விட பழைய ரெக்கார்டுல நாமளே தோண்டி எடுத்தா அந்த கிக்கே வேற. காசு செலவில்ல, ஒரு மொபைலும் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானமும் போதும்.

மொதல்ல கிரிக்இன்ஃபோங்கிற கிரிக்கெட் சைட்ல அவரு பேர இங்கிலீஷ்ல போட்டு ப்ரொஃபைல தொறங்க. 10 ஃபர்ஸ்ட் கிளாஸ் மேட்ச் (அதாவது உயர்மட்ட மேட்ச்னு கணக்குல வர்றது), டாப் ஸ்கோர் 43, விக்கெட் ஒண்ணே ஒண்ணு. அட இவ்ளோதானான்னு மூடிறாதீங்க.

அடுத்து அந்த ஒரு விக்கெட் யாருன்னு பாக்கணும். 1900 ஆகஸ்ட்ல கிரிஸ்டல் பேலஸ்ல நடந்த லண்டன் கவுன்ட்டி - எம்சிசி மேட்ச், அந்த ஸ்கோர்கார்டுக்கு போங்க. டபிள்யூ.ஜி. கிரேஸ், கேட்ச் ஸ்டோரர், பவுலர் டாயில், 110 ரன். கிரேஸ்! அந்த தாடிக்கார ஜாம்பவானேதான், செஞ்சுரி போட்டு நின்னுட்டு இருந்தவர ஒரு கதை எழுதுறவரு தூக்கிருக்காரு. நான் அந்த ஒரு வரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

இப்ப பேப்பருக்கு வருவோம். நியூசிலாந்தோட பேப்பர்ஸ் பாஸ்ட், ஆஸ்திரேலியாவோட ட்ரோவ், ரெண்டும் பழைய பேப்பர ஸ்கேன் பண்ணி வச்சிருக்குற சைட், ரெண்டும் ஃப்ரீ. இங்கதான் நான் ஒரு மணி நேரம் வேஸ்ட் பண்ணேன், 'சர் ஆர்தர்'னு தேடிக்கிட்டே இருந்தேன், 1900ல ஒண்ணுமே சிக்கல. சர் பட்டம் 1902லதான குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்! அதனால டாக்டர் டாயில், ஏ. கோனன் டாயில்னு மாத்தி மாத்தி போடுங்க, கூடவே கிரேஸ் பேரையும் சேத்துக்கோங்க. தேதிய ஆகஸ்டோட நிறுத்தாம நவம்பர் வரைக்கும் வைங்க, விரிவான செய்தியெல்லாம் லண்டன்லேர்ந்து கப்பல்லதான போயாகணும். ஸ்கேன் மங்கலா இருந்தா கம்ப்யூட்டர் எழுத்த தப்பா படிச்சிரும், அப்ப பேர விட்டுட்டு ஊர் பேர், மைதானம் பேர் போட்டு பாருங்க.

அப்புறம் விஸ்டன், வருஷா வருஷம் வர்ற கிரிக்கெட் புக். டாயில் செத்தது 1930ல, அதுக்கப்புறம் விஸ்டன்ல வந்த இரங்கல் குறிப்பு கிரிக்இன்ஃபோலயே கெடைக்கும். அதுல 1899ல லார்ட்ஸ்ல கேம்பிரிட்ஜ்ஷையருக்கு எதிரா 61 ரன்னுக்கு 7 விக்கெட்னு இருக்கு. ப்ரொஃபைல்ல ஒண்ணு, இங்க ஏழா? ரெண்டும் கரெக்ட்தான். அந்த மேட்ச் ஃபர்ஸ்ட் கிளாஸ் கணக்குல வராது, அவ்ளோதான். எழுத்தாளருங்க ஆடுன ஆட்டம் முக்காவாசி இப்படி சின்ன மேட்ச்தான், ஸ்டாட்ஸ் பக்கத்த மட்டும் பாத்தா ஆளோட ஆசையே தெரியாம போயிரும்.

கடைசியா இன்டர்நெட் ஆர்கைவ், பழைய புக்கெல்லாம் இருக்குற ஆன்லைன் லைப்ரரி. 1924ல வந்த அவரோட சுயசரிதைய எடுத்து, புக்குக்குள்ளயே தேடுற வசதில கிரிக்கெட், கோல்ஃப், பாக்ஸிங், ஸ்கீனு ஒவ்வொண்ணா போடுங்க. விளையாட்டுக்குனே ஒரு சாப்டர் வச்சிருக்காரு. ஸ்கீ பிடிச்சவங்க 1894 டிசம்பர் ஸ்ட்ராண்ட் மேகஸினயும் பாருங்க, ஆல்ப்ஸ்ல சறுக்கி விழுந்து எழுந்தத அவரே எழுதிருக்காரு.

கை பழகிருச்சுன்னா அடுத்து சாமுவேல் பெக்கெட். 1969ல இலக்கிய நோபல் வாங்குன எழுத்தாளரு, 1925லயும் 1926லயும் டப்ளின் யுனிவர்சிட்டிக்காக நார்தாம்ப்டன்ஷையரோட ஆடிருக்காரு. எவ்ளோ ரன் அடிச்சாருன்னு நான் சொல்ல மாட்டேன், தேடிட்டு வந்து கமென்ட்ல போடுங்க.