மானிட்டரில் 'நோ சிக்னல்' வந்தால் எங்கே தேடுவது?

'நோ சிக்னல்' என்ற எழுத்து தெரிகிறதென்றால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. அதற்குப் படம்தான் வந்து சேரவில்லை. புது மானிட்டர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

முதலில் மானிட்டர் மெனுவில் இன்புட்டை, அதாவது எந்தத் துளையிலிருந்து படம் எடுக்கிறது என்பதைப் பாருங்கள். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் என்பவை படத்துக்கான இருவகை இணைப்புகள். கேபிள் எச்டிஎம்ஐயில் இருக்கும், மானிட்டர் டிஸ்ப்ளேபோர்ட்டுக்காகக் காத்திருக்கும். பிறகு கேபிளை இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் முனையில் பெரும்பாலும் கொக்கி இருக்கும். அதை அழுத்தாமல் இழுத்தால் போர்ட் கெட்டுவிடலாம். நடுவில் கன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதைத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் வேலை செய்யாது.

கணினியில் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு (படத்தை உருவாக்கும் அட்டை) இருந்தால் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். பலரும் யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில், அதாவது கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் செருகிவிடுகிறார்கள். இன்டெல் ஐ5-12400எஃப், ரைசன் 5 5600 போன்ற பிராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. அவை உள்ள கணினியில் மதர்போர்டில் செருகினால் எத்தனை நாள் காத்திருந்தாலும் படம் வராது.

இனி கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அழுத்த அழுத்த விளக்கு எரிந்து அணைந்தால் கணினி பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழுது கேபிளிலோ கார்டிலோ விண்டோஸிலோ இருக்கும். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும்.

விளக்கு அசையவில்லையா? மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டையான ரேமைப் பாருங்கள். பவர் கேபிளை உருவி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் (எச்சில் தெறிக்கும்) பிரஷால் தட்டுங்கள். கொக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் ஒற்றை ரேமுக்கு. டிடிஆர்5 ரேம் புதிதாகப் போட்டிருந்தால் முதல்முறை சில நிமிடம் கறுப்புத் திரைதான், பொறுமையிழந்து அணைக்காதீர்கள்.

கார்டுக்குத் தனி 6 அல்லது 8 பின் பவர் வயர் வேண்டுமென்றால் அது முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எதையாவது மாற்றிய பிறகு வந்த கோளாறென்றால், மின்சாரத்தை நிறுத்தி மதர்போர்டிலுள்ள சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். பல மதர்போர்டுகளில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (கணினி தொடங்கும் டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு. அணையாமல் நிற்கும் விளக்கு எதுவோ, கோளாறை அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.