சின்னப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணக் கடலில் இறங்குகிறவர்களுக்கு

என் மகனின் உள்ளங்கையில் ஓரா மீனின் முள் ஏறியபோது நாங்கள் குருநகருக்கும் மண்டைதீவுக்கும் நடுவே தரை தட்டி நின்றோம். வள்ளத்தில் 11 பேர். பகல் 12 மணி. கரை கண்ணுக்குத் தெரிந்தது, யாகப்பர் கோயிலும் தெரிந்தது, போகத்தான் வழியில்லை. இந்த ஆடி விடுமுறைக்கு ஊருக்கு வெளிக்கிடுகிற நண்பர்கள், பிள்ளைகளுக்கு மீன்பிடி காட்ட ஆரைப் பிடிக்கலாம், எந்தக் கரை நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். அதைச் சொல்கிறேன். ஆனால் எனக்கு நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

நல்ல செய்தியில் தொடங்குகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரியைப் போல ஒரு கடல் கிடைக்காது. பல இடங்களில் பெரியவருக்கு இடுப்பளவு தண்ணீர்தான். காற்று விழுந்த காலையில் அலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. எஞ்சின் இல்லாமல் கோல் ஊன்றித் தாங்கிக்கொண்டே போகலாம். பிள்ளை எட்டிப் பார்த்தால் அடியில் சாதாளை என்கிற கடற்புல்லும் அதற்குள் ஓடுகிற குஞ்சு மீனும் தெரியும். பண்ணைப் பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீருக்குள் தடிகள் வரிசையாக நட்டிருப்பது தெரியுமே, அதுதான் சிறகுவலை. மீன் அந்த வலைச்சுவரோடு ஒட்டி நீந்திப்போய்க் கடைசியில் கூட்டுக்குள் மாட்டும். 5 வயதுப் பிள்ளைக்கும் இது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். தூண்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சும்மா இரு என்றால் எந்தப் பிள்ளையும் இராது. சிறகுவலைக் கூட்டையோ நண்டு வலையையோ தூக்குகிற இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

வள்ளத்தில் ஏற்றமுன் ஒரு விடியற்காலை பாசையூரிலோ குருநகரிலோ மீன் ஏலம் கூறுகிற இடத்தில் பிள்ளையை நிறுத்துங்கள். இறால், கணவாய், திருக்கை, நீலக்கால் நண்டு எல்லாம் நிலத்தில் கிடக்கும். எது குத்தும், எது கடிக்கும் என்று அங்கேயே காட்டலாம். நான் இதைச் செய்யவில்லை.

காலம் முக்கியம். எங்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறை கிடைக்கிற ஆடி ஆவணி, தென்மேற்குக் காற்றான சோளகம் வீசுகிற காலம். விடியற்காலையில் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற தண்ணீர் 10, 11 மணிக்கெல்லாம் கலங்கிக் குலுங்கத் தொடங்கிவிடும். காலை 6 மணிக்கு ஏறி எட்டரைக்குக் கரையில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு போகலாம் என்று ஆர் சொன்னாலும் போகாதீர்கள். அதே காலத்தில்தான் நல்லூர்த் திருவிழாவும் வரும். அந்த 25 நாளும் எத்தனையோ வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்க மாட்டார்கள். நீங்கள் தங்குகிற வீடு அப்படியான வீடு என்றால், பிள்ளை ஆசையாகப் பிடித்த மீனை எங்கே கொண்டுபோவது என்று முன்னமே யோசியுங்கள். என் மனைவியின் பெரியம்மா வீட்டுப் படலையில் என் மகள் ஒரு வாளி நண்டோடு நின்று அழுதாள். பெரியம்மாவில் பிழை இல்லை. எங்களுக்குத்தான் நாள் தெரிந்திருக்கவில்லை.

சரி, இனிச் சித்தப்பாவின் கதை.

ஊருக்குப் போக இரண்டு மாதத்துக்கு முன்பே, குடும்பங்களைக் கூட்டிப்போகிற ஒரு தம்பியோடு வட்ஸ்அப்பில் பேசி ஒழுங்கு செய்திருந்தேன். சனிக்கிழமை காலை 6 மணி, 2 மணித்தியாலம், 4 பேர் மட்டும். பிள்ளைகளின் நிறை என்ன என்று அவரே கேட்டார். லைஃப் ஜாக்கெட் பொருந்துமா என்று பார்க்கத்தான். இப்படி ஒரு கேள்வி கேட்கிறவரைக் கண்டால் விடாதீர்கள்.

வந்திறங்கிய அன்று பின்னேரம் சித்தப்பா வீட்டில் இதைச் சொன்னேன். அப்பாவின் கடைசித் தம்பி. 1995 ஒக்டோபர் 30 அன்று போரில் ஊரே எழும்பிப்போனபோது என்னைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர். நான் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்குப் போனேன். அவர் திரும்பி வந்து, படையினரிடம் பாஸ் காட்டிக் கடலில் இறங்கிய காலமெல்லாம் தொழில் செய்து, அப்பாவைக் கடைசிவரை பார்த்தார். அப்பாவின் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. என் பிள்ளைகள் தங்கள் அப்பப்பாவைக் கண்டதில்லை, இவரைத்தான் அப்பப்பா என்று கூப்பிடுகிறார்கள்.

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“உன்ர பிள்ளையளுக்கு இந்தக் கடலைக் காட்ட இன்னொருத்தனுக்குக் காசு குடுக்கிறியோ மோனை? அப்ப நான் என்னத்துக்கு இருக்கிறன்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்றிரவே தம்பிக்குச் செய்தி அனுப்பிப் பயணத்தை நிறுத்தினேன். நான் விட்ட முதல் பிழை இது. சித்தப்பாவின் வள்ளத்தில் ஏறியதைப் பிழை என்று சொல்லவில்லை. அவர் மனம் நொந்துவிடக்கூடாது என்று நேரம், ஆட்கள், பாதுகாப்பு ஒன்றைப் பற்றியும் வாய் திறக்காமல் இருந்ததைச் சொல்கிறேன். இத்தனை வருடம் கழித்து வந்து இறங்குகிறவனுக்கு, நீங்கள் சொல்வது சரியில்லை என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அதற்கான விலையை என் பிள்ளை கொடுத்தான்.

சனி ஞாயிறாக மாறியது. 6 மணி, பூசை முடிந்து 10 மணியாக மாறியது. கனடாப் பிள்ளைகளோடு போக வேண்டும் என்று சித்தப்பாவின் மகள்மாரும் அவர்களின் பிள்ளைகளும் சோற்றுப் பார்சலோடு வந்தார்கள். கரையில் வலை வைக்கிற வாடியில் இரண்டு லைஃப் ஜாக்கெட் கிடந்தன, இரண்டும் பெரியவர்களுடையவை. என் 5 வயது மகளுக்குப் போட்டுப் பார்த்தேன், தலை உள்ளே போய்விட்டது. கழற்றி வைத்துவிட்டு ஏறினோம்.

போகிற வழியில் ஓரிடத்தில் சித்தப்பா எஞ்சினைக் குறைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். 1986 ஜூன் 10 ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் குருநகர்க் கடற்றொழிலாளர் 31 பேர் கொல்லப்பட்டார்கள். அவரோடு விளையாடித் திரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மகன் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காசு கொடுத்துப் பிடிக்கிற ஆளால் இதைக் காட்ட முடியாது. அதனால்தான், சொந்தக்காரரை விட்டுவிட்டுப் போங்கள் என்று நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

முதல் நாள் விட்ட வலையை இழுத்து முடிக்கும்போதே காற்று எழும்பிவிட்டது. திரும்பும்போது எஞ்சினின் விசிறியில் சாதாளை சுற்றிக்கொண்டது. அதை அறுத்து எடுப்பதற்குள் கடல் வத்தத் தொடங்கி வள்ளம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இங்கே வத்துக்கும் பெருக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லைத்தான். ஆனால் கடலே முழங்காலளவு உள்ள இடத்தில் அரை முழம் இறங்கினால் போதும். ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் இருந்தோம். மகள் மூன்று தரம் சத்தி எடுத்தாள்.

மகன் வள்ளத்தின் அடியில் கிடந்த மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஓரா வாயைத் திறந்து திறந்து மூடியது. அதைத் தண்ணீரில் விட வேண்டும் என்று நினைத்துக் குனிந்தான். “தொடாதை” என்றார் சித்தப்பா. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் கையை வைத்தான். “விடு மோனை, விடு விடு” என்று அவர் கத்தினார். அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

பிறகு அவனிடம் கேட்டேன். ‘தொடாதை’ என்பது மீனின் பெயர் என்று நினைத்தானாம். ‘விடு’ அவன் காதில் ‘வீடு’ என்று விழுந்திருக்கிறது. வீட்டுக்குப் போகப்போகிறோம், கெதியாக மீனைத் தூக்கு என்று அப்பப்பா சொல்வதாக நினைத்திருக்கிறான். அவனுக்கு 8 வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் திருக்குறள் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன். தொடாதை, விடு என்ற சொற்களை எங்கள் வீட்டில் எவரும் அவனுக்குத் தமிழில் சொன்னதில்லை. நான் சொன்னதில்லை.

ஆகவே என் முதல் ஆலோசனை இதுதான். விமானம் ஏற ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டில் இந்தச் சொற்களைப் புழங்குங்கள்: தொடாதை, விடு, இரு, குனி, எழும்பாதை, கையை உள்ளுக்கு எடு. புத்தகத் தமிழில் வேண்டாம், ஊரில் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள். விளையாட்டாகச் சொல்லிப் பழக்குங்கள். வள்ளத்தில் மொழிபெயர்க்க நேரம் கிடைக்காது.

ஓரா, கெளிறு, திருக்கை மூன்றுக்கும் முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள தண்ணீரில் அந்த இடத்தை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அந்த நஞ்சு சூட்டில் வலுவிழக்கும். பிள்ளையின் தோல் வெந்துவிடாமல் முதலில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். வள்ளத்தில் ஒரு பிளாஸ்கில் சுடுதண்ணீர் இருந்திருந்தால் என் மகன் அவ்வளவு நேரம் துடித்திருக்க மாட்டான். வீக்கம் ஏறினாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்காதீர்கள், கரையில் இருந்து 1990 க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், அது இலவசம். தண்ணீரில் இறங்கி நடக்கிற பிள்ளைக்குக் காலைத் தூக்கி வைக்காமல் சேற்றில் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள், திருக்கை விலகிப்போகும். பேத்தை குத்தாது, ஆனால் அதைச் சமைத்தாலும் நஞ்சு போகாது, மீன் போடுகிற உமலுக்குள்ளேயே போடக்கூடாது. பிள்ளையின் அளவு லைஃப் ஜாக்கெட்டை நீங்களே கொண்டுபோங்கள். பெட்டியில் இடம் இல்லையென்றால் சொக்லேட்டைக் குறையுங்கள்.

காசு விஷயம். கரையில் எவரும் மீன் பிடிக்கப் போகிறோம் என்று சொல்வதில்லை, தொழிலுக்குப் போகிறோம் என்றுதான் சொல்வார்கள். உங்களைக் கூட்டிப்போகிற நாள் அவருக்குத் தொழில் போன நாள். எல்லை தாண்டி வருகிற இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போகிற இந்தக் காலத்தில் ஒரு நாள் தொழில் சின்ன விஷயம் இல்லை. வெளி ஆள் என்றால் முன்கூட்டியே தொகையைப் பேசிக் குறைக்காமல் கொடுங்கள். சொந்தக்காரர் கையில் காசைத் திணிக்காதீர்கள். சித்தப்பாவோடு கடைக்குப் போய் அவர் கை காட்டிய வலைநூலையும் மிதப்பையும் வாங்கிக் கொடுத்தேன். அதை அவர் மறுக்கவில்லை.

புதன்கிழமை அவர் தானாகவே வீட்டுக்கு வந்தார். மகனின் கையைப் பிரித்துப் பார்த்தார், வீக்கம் வடிந்திருந்தது. “அந்த வள்ளக்காரப் பொடியனுக்குப் போன் அடி, நானும் வாறன்” என்றார். இதை நான் முதல் நாளே கேட்டிருக்கலாம். சித்தப்பா, வள்ளம் அவருடையதாக இருக்கட்டும், நீங்கள் முன்னுக்கு அணியத்தில் இருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று. ஒரு வசனம்தான். நீங்கள் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கனடாவிலிருந்தே கேட்டுவிடுங்கள், வேறு ஆளைப் பேசமுன் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை 6 மணிக்கு ஏறினோம். தம்பி கோல் தாங்கினார், சித்தப்பா அணியத்தில் இருந்தார். சிறகுவலைக் கூட்டில் மணலையும் திரளியும் கொஞ்ச இறாலும் கிடந்தன. நண்டு வலையில் வந்த ஒரு சினை நண்டை எப்படிப் பின்பக்கமாகப் பிடிப்பது என்று சித்தப்பா மகளுக்குக் காட்டி, அவள் கைக்கு மேல் தன் கையை வைத்துத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனார்.

“விடு” என்றார்.

அவள் விட்டாள்.