நுண்ணோக்கியில் முப்பரிமாணம்: கோட்டைவிடுவது ஆழத்தில்தான்

கரும்புத் தண்டைச் சீவிப் பார்க்கும் சாதாரணக் கல்லூரி நுண்ணோக்கியே முப்பரிமாணப் படத்துக்குப் போதும். குவியத்தை நுட்பமாகச் சரிசெய்யும் நுண்திருகில், சிறுசிறு படிகளாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் ஒன்றைப் பூட்டி, குவியத்தைப் படிப்படியாக நகர்த்தி, படிக்கு ஒரு படம் எடுத்து, ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் அடுக்கலாம். நீளமும் அகலமும் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆழம்தான் ஏமாற்றும்.

திருகு நகர்ந்த தூரத்தை அப்படியே மாதிரியின் ஆழமாக எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. பொருளருகு வில்லை காற்றில் இருக்கிறது, மாதிரியோ கிளிசரினில் கிடக்கிறது. கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47, திருகின் கணக்கை ஏறத்தாழ அந்த எண்ணால் பெருக்கினால்தான் உண்மை ஆழம். நீரானால் 1.33. மொரீஷியஸில் ரெதுயி பல்கலைக்கழக வளாகமோ ரோஸ் ஹில் வீட்டு வேலியோ, செம்பருத்திக்குப் பஞ்சமில்லை. அதன் மகரந்தம் முள் முளைத்த உருண்டை, அளவும் பெரிது. கிளிசரினில் இட்டு, உச்சியிலிருந்து நடு விளிம்பு வரை குவியத்தை இறக்குங்கள். அகலம் 100 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் இறக்கம் 50 இருக்க வேண்டும். திருகு 34 என்றுதான் சொல்லும். திருத்தாமல் அடுக்கினால் உருண்டை சப்பையாகிவிடும்.

அடுத்தது படியின் அளவு. 40 மடங்கு, 0.65 துளை எண் (வில்லை எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு) கொண்ட வில்லையில் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மைக்ரான்தான். படி அதில் பாதி இருக்க வேண்டும். பல நுண்ணோக்கிகளில் நுண்திருகின் ஒரு சுற்று 200 மைக்ரான். சுற்றுக்கு 200 படி வைக்கும் மோட்டாரை நேராகப் பூட்டினால் படிக்கு 1 மைக்ரான். இடையில் ஒரு பல்சக்கரக் குறைப்பு தேவை. நேரத்தை மிச்சம்பிடிக்க 5 மைக்ரான் தாவினால், நடுவே இல்லாததை மென்பொருள் வழவழப்பாக இட்டு நிரப்பும். பார்க்க அழகாக இருப்பதுதான் ஆபத்து.

பல்சக்கரங்களுக்குள் தளர்வு உண்டு; திசை மாற்றினால் கணக்கு பிசகும். ஆகவே தொடக்கப் புள்ளிக்குக் கீழே சென்று, மேலேறும்போது மட்டும் படமெடுக்க வேண்டும். கேமராவின் தானியங்கி ஒளியளவையும் அணைத்துவிடுங்கள்.

படம் 'பளிச்' என்று தெரிய மாதிரிக்குக் கீழிருந்து வரும் ஒளியின் வாயிலான கண்டென்சர் டயஃப்ரத்தை மூடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே அது கேடு: மேல்தளமும் கீழ்த்தளமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். முழுக்கத் திறந்தாலும் இவ்வகைக் கருவியில் குவியத்துக்கு வெளியேயுள்ள மங்கல் ஒவ்வொரு படத்திலும் ஒட்டிக்கொண்டுதான் வரும். வடிவத்தைப் புரிந்துகொள்ள இது போதும். செல்லின் கன அளவைக் கணக்கிட வேண்டியவர்கள் அந்த மங்கலைத் தடுக்கும் கன்ஃபோக்கல் நுண்ணோக்கி உள்ள ஆய்வகத்தைத் தேடிப் போவதே நல்லது.