குட்டி வீட்டுக்கு அச்சிட்ட சுவர்த்தாளும் தரையும்

முதலில் அளவு. 1:12 மாதிரியில் (நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு) 12 செ.மீ. அகல நிஜத் தரைப்பலகை 10 மி.மீ. ஆகும், 1:24இல் 5 மி.மீ. பிரிண்ட் கொடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் வையுங்கள். இல்லையென்றால் பலகை சத்தமில்லாமல் சுருங்கிவிடும்.

தாள் 100 முதல் 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை), மேட், அதாவது பளபளப்பில்லாதது. பளபளத் தாள் வெளிச்சம் பட்டதும் பொம்மைத்தனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்க்ஜெட் மை பெரும்பாலும் ஈரத்தில் கசியும்; மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயை மெல்லிசாக இரண்டு தடவை அடித்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு வெட்டுங்கள்.

ஒட்டுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து பூசினால் தாள் ஊறி விரியும், குமிழ் வரும், காய்ந்ததும் அட்டையையும் வளைத்துவிடும். குச்சிப் பசையே போதும். நடுவில் ஆரம்பித்து ஓரம் நோக்கித் தேயுங்கள். மெல்லிய அட்டை என்றால் பின்பக்கமும் வெற்றுத்தாள் ஒட்டுங்கள். இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும்.

தரைத்தாள் சுவருக்கு அடியில் 3 மி.மீ. போகட்டும். மூலையில் முதல் சுவரின் தாளை 2 மி.மீ. அடுத்த சுவர்மேல் மடக்கி, அடுத்ததைச் சரியான அளவில் வெட்டி அதன்மேல் ஒட்டினால் இடைவெளி தெரியாது. ஜன்னலை முன்கூட்டி வெட்டாதீர்கள். தாள் காய்ந்ததும் பின்னாலிருந்து எக்ஸ் வடிவில் கீறி, நான்கு முனைகளையும் உள்ளே மடக்குங்கள்.

பலகைக் கோடுகளில் மொட்டை ஊசியால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு இழுத்தால் நிஜ இடுக்கு போலவே நிழல் விழும். வெட்டிய ஓரத்தின் வெள்ளைக்கு அதே நிறக் கலர் பென்சில்.