ஹாட் வாட்டர் பீச்: மண்வெட்டியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

நியூசிலாந்தின் கொரமாண்டல் தீபகற்பத்தில் ஹாட் வாட்டர் பீச் என்று ஒரு கடற்கரை இருக்கிறது. மணலைத் தோண்டினால் குழியில் வெந்நீர் ஊறும். குழியைப் பெரிதாக்கி, குடும்பமே உள்ளே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு குளிக்கலாம். ஆக்லாந்திலிருந்து காரில் இரண்டரை மணி நேரம்.

நாங்கள் முதல்முறை போனபோது சாப்பாடு, துண்டு, மண்வெட்டி எல்லாம் கையில் இருந்தன. நேரத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது வெந்நீர் ஊறும் இடத்தின் மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மண்வெட்டியைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். கடல் நன்றாக உள்வாங்கியிருக்கும்போதுதான் அந்த ஊற்று மணல் வெளியே தெரியும். நீர் மிகவும் இறங்கியிருக்கும் நேரத்துக்கு முன்னே இரண்டு மணி, பின்னே இரண்டு மணி, அவ்வளவுதான் அவகாசம். அந்த நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன சனிக்கிழமை பத்து மணிக்கு அருமையாக இருந்தது என்று நண்பர் சொன்னதை நம்பி இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குப் போனால், ஏழு நாளில் ஆறு மணி நேரம் தள்ளி, கடல் முழுதாக ஏறியிருக்கும். கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையில் ஆக்லாந்து நேரத்தைப் பார்க்காமல், பக்கத்து ஊரான ஃபிடியாங்காவின் நேரத்தைப் பாருங்கள். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள், சில அட்டவணைகளில் அந்த ஒரு மணி நேரம் சேர்ந்திருக்காது, அதையும் கவனியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் கீழே இறங்கும், தோண்ட இடம் கூடும். ஆனால் அலை பெரிதாக இருக்கும் நாளில் நீர் இறங்கிய நேரத்திலும் குழி நிற்காது. அன்றைக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

சரி, நேரம் பார்த்துப் போய்விட்டோம். எங்கே தோண்டுவது? கடற்கரை நீளம், ஊற்று இருப்பதோ சின்ன இடம், கடலுக்குள் தெரியும் பாறைகளுக்கு நேர் எதிரே. தள்ளித் தோண்டினால் பச்சைத் தண்ணீர்தான் வரும். குதிகாலை ஈர மணலில் திருகிப் புதைத்துப் பாருங்கள், சூடு தெரிந்துவிடும். மண்வெட்டி இல்லாவிட்டால் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அந்த ஊற்று நீரின் வெப்பம் 64 டிகிரி செல்சியஸ் வரை போகும். சில விநாடிகளில் தோலை வேகவைக்கும் சூடு அது. ஓர் இடம் வெதுவெதுப்பாக இருக்கும், அங்கிருந்து இரண்டடி தள்ளிக் கால் வைக்க முடியாது. அதனால் பிள்ளைகளை முன்னால் ஓடவிடாதீர்கள். கொதிக்கும் இடத்தின் மேலேயே தோண்டாமல் சற்றுத் தள்ளித் தோண்டி, வாளியில் கடல்நீர் கொண்டுவந்து கலந்துகொள்ளுங்கள். குழந்தைக்கு வெந்நீர் விளாவும்போது முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அதே மாதிரி பார்த்துவிட்டுத்தான் யாரையும் இறக்க வேண்டும்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இருந்தால் இது இன்னும் முக்கியம். என் அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவதே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். "நல்லா இருக்குப்பா" என்று அவர்கள் சொன்னாலும் நாம் கையை விட்டுப் பார்க்க வேண்டும். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். யாருக்காவது சுட்டுவிட்டால் பற்பசை, மஞ்சள் என்று எதையும் தடவ வேண்டாம். குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், அப்புறம் மருத்துவரிடம் போங்கள்.

தலையை முக்குவதும் கூடாது. இந்த மாதிரி நிலத்தடி வெந்நீரில் மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா இருக்கலாம் என்பதால் அந்த நாட்டில் எல்லோருக்கும் சொல்லும் எச்சரிக்கை இது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்து விளையாடுவதையும் தடுத்துவிடுங்கள்.

உடம்பு சூடேறியதும் "கடலில் ஒரு முங்கு போட்டு வரலாம்" என்று தோன்றும். குழிக்கு நேரெதிரே, அந்தப் பாறைகளை ஒட்டி, ஆளை உள்ளே இழுத்துப் போகும் நீரோட்டம் இருக்கிறது. நன்றாக நீந்துபவரும் திணறுவார். கடலில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் உயிர்காப்பாளர்கள் இருக்கும் நேரத்தில், சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள்.

நீர் திரும்ப ஏறும்போது முதல் அலை குழியின் மணல் சுவரைத் தொடும். பிள்ளைகள் "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்பார்கள். அப்போதே சிறியவர்களைத் தூக்கிக்கொண்டு, பெரியவர்களைக் கைபிடித்து மேலே கூட்டி வந்துவிடுங்கள். அடுத்த சில அலைகளில் சுவர் கரைந்து, நீங்கள் தோண்டிய இடமே தெரியாமல் போய்விடும்.