கிச்சன் கப்போர்டு போடப் போறீங்களா, மொதல்ல சிங்க் அடியில குனிஞ்சு பாருங்க

கப்போர்டு கடைக்குப் போனா ஒக்கார வச்சு மொதல்ல கலர் புக்கைத்தான் கையில குடுப்பாங்க. நாமளும் இது நல்லாருக்கு அது நல்லாருக்குன்னு அதுலயே ஒரு மணி நேரத்த ஓட்டிருவோம். கலரெல்லாம் கடைசியா பாக்க வேண்டியதுங்க. கதவு பிடிக்கலன்னா நாளைக்கே மாத்திக்கலாம், ஆனா உள்ள இருக்கற பெட்டி, கார்கஸ்னு சொல்லுவாங்களே, அது ஊதிப்போச்சுன்னா மேல இருக்கற ஸ்லாப்பை வச்சுக்கிட்டு கீழ மொத்தத்தையும் பிரிக்கணும்.

எங்க வீட்ல மொத தடவை போட்டது பார்ட்டிக்கிள் போர்டு, மரத்தூளையும் சின்னச் சின்ன மரச்சில்லையும் பசை போட்டு அழுத்தின பலகை. பாக்க பளபளன்னு இருந்துச்சு, விலையும் கம்மி. சிங்க் வேஸ்ட் பைப் ஜாயின்ட்ல சொட்டு சொட்டா கசிஞ்சிருக்கு, முன்னாடி பாத்திரம் அடுக்கியிருந்ததால யாருமே கவனிக்கல, ரெண்டு மழைக்காலம் முடியறதுக்குள்ள அடிப்பலகை நனைஞ்ச ரொட்டி மாதிரி உதிர ஆரம்பிச்சு ஒருநாள் கதவைத் திறந்தா ஸ்க்ரூவோட கையில வந்துருச்சு. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு பலகையப் பத்தியும் தேடித்தேடி தெரிஞ்சுக்கிட்டேன்.

நான் சொல்ல வர்றது இதுதான், கிச்சன் முழுக்க ஒரே மெட்டீரியல்ல போடணும்னு ஒண்ணும் இல்ல. நனையற இடத்துக்கு ஒண்ணு, அடுப்புப் பக்கம் ஒண்ணு, காய்ஞ்ச இடத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சு யோசிங்க, காசும் மிச்சமாகும்.

சிங்க் அடியில மரமே வேண்டாம்னுதான் சொல்லுவேன். நம்ம ஊர்ல பழைய வீடுகள்ல கடப்பா கல்லையோ ஃபெரோ சிமெண்ட் ஸ்லாப்பையோ நிக்க வச்சு தட்டு போட்டிருப்பாங்க பாருங்க, அது தண்ணிக்கும் பயப்படாது கரையானுக்கும் பயப்படாது, அதுக்கு வெளிய அலுமினிய ஃபிரேம் கதவு மட்டும் போட்டாலே போதும். கல்லு செவுரோட சேர்ற எடத்துல இடுக்கு இல்லாம அடைச்சிருங்க, இல்லன்னா கரப்பான் குடும்பத்தோட குடியேறிரும். கல்லு வேண்டாம்னா பிவிசி போர்டு போடலாம், மல்டிவுட்னு கேட்டா கடையில குடுப்பாங்க. தண்ணி ஒண்ணும் பண்ணாது, ஆனா அடுப்புக்கு ஒட்டி போடாதீங்க, சூட்டுல வளையும். நீளமான தட்டா போட்டு அரிசி பருப்பு டப்பாவ அடுக்கினாலும் நடுவுல தொங்கிரும், அதனால ரெண்டடிக்கு ஒரு தாங்கல் வேணும். ஸ்க்ரூவும் மரத்துல பிடிக்கற அளவுக்கு இதுல பிடிக்காது.

மத்த எடத்துக்கு என்னோட ஓட்டு பிளைவுட்டுக்குத்தான். ஆனா கடையில எல்லாத்தையும் வாட்டர் ப்ரூஃப்னுதான் சொல்லுவாங்க, அந்த வார்த்தைய அப்படியே நம்பிராதீங்க. பிளைவுட்ல தரம் தரமா இருக்கு. எம்ஆர் கிரேடுன்னா ஈரக்காத்த தாங்கும் அவ்வளவுதான், அது பெட்ரூம் அலமாரிக்கு. பிடபிள்யூஆர், அதாவது கொதிக்கற தண்ணிய ஓரளவுக்கு தாங்கற தரம், அதுக்கு மேல. பிடபிள்யூபிதான் கிச்சனுக்கு, ஐஎஸ் 710னு ஐஎஸ்ஐ முத்திரையோட ஷீட்லயே அச்சடிச்சிருக்கும், 72 மணி நேரம் கொதிக்கற தண்ணியில போட்டாலும் அடுக்கு பிரியக்கூடாதுங்கறது அதுக்கான சோதனை. கடைக்காரர்கிட்ட ஒரு துண்டு கேட்டு வாங்கிட்டு வந்து வீட்ல அஞ்சாறு மணி நேரம் கொதிக்க விடுங்க, மட்டமான பலகைன்னா அதுக்குள்ளயே பிரிய ஆரம்பிச்சிரும். வெட்டின பக்கத்தையும் பாருங்க, உள்ள ஓட்டை ஓட்டையா இடைவெளி தெரிஞ்சா வேண்டாம். பெட்டி தரையில ஒக்காரக்கூடாது, நாலு இஞ்ச் பிளாஸ்டிக் கால் வச்சு தூக்கச் சொல்லுங்க, தெனம் தரை தொடைக்கற தண்ணிதான் அடிப்பலகைய மெதுவா தின்னும்.

எச்டிஎச்எம்ஆர்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க, மரநாரை நெருக்கமா அழுத்தி ஈரம் தாங்கற மாதிரி செஞ்ச பலகை, கதவுக்கு அது நல்லாத்தான் இருக்கு, வழவழன்னு நேரா நிக்கும். ஆனா ஓரத்துல ஒட்டற பட்டி மெஷின்ல ஒட்டினதா இருக்கணும், கையால ஒட்டினா அந்த இடுக்குல தண்ணி இறங்கி ஊதும். சாதா எம்டிஎஃப், அதே மாதிரி மரநாரை அழுத்தினதுதான் ஆனா ஈரம் தாங்காது, கிச்சன் பக்கமே வேண்டாம்.

கடலோர ஊர்க்காரங்க ஸ்டீல் கப்போர்டு கேக்கறாங்க, தாராளமா போடுங்க, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல நல்ல ரகமான 304ன்னு பில்லுல எழுதி வாங்குங்க. காந்தம் ஒட்டலன்னா 304ன்னு காட்டுவாங்க, விலை கம்மியான 202 ரகத்துலயும் காந்தம் பெருசா ஒட்டாது, ஆனா உப்புக்காத்துல துருப்புள்ளி விழும்.

பலகை மேல ஒட்டறதுக்கு 1 மில்லிமீட்டர் மைக்கா, அதாவது லேமினேட் ஷீட், போதும். அக்ரிலிக் கண்ணாடி மாதிரி அழகா இருக்கும், கீறலும் விரல் தடமும் அதே அளவுக்கு தெரியும். தெனம் தாளிக்கற வீட்ல அடுப்புக்கு ரெண்டு பக்கமும் மெம்பிரேன் கதவு, அதாவது மேல பிவிசி ஷீட்ட சூடாக்கி ஒட்டின கதவு, வேண்டாம், சூட்டுக்கு உரிஞ்சு வரும்.

கீழ தட்டா டிராயரான்னு கேட்டா டிராயர்தான். வீட்ல வயசானவங்க இருந்தா குனிஞ்சு உள்ள கைய விட்டு குண்டானை இழுக்கறது எவ்வளவு கஷ்டம்னு பாத்திருப்பீங்க. டிராயர் ஓடற சேனல் எத்தன கிலோ தாங்கும்னு கேட்டு வாங்குங்க, கிரைண்டர் கல்லு, இட்லிப் பானை, குக்கர்னு நம்ம பாத்திரமெல்லாம் கனம். ஸ்லாப் உயரத்தையும் கடைக்காரர் சொல்ற 32, 33 இஞ்ச்சுன்னு விட்டுறாதீங்க, தெனம் சமைக்கறவங்கள நிக்க வச்சு முழங்கைக்கு கொஞ்சம் கீழ வர்ற மாதிரி அளந்து முடிவு பண்ணுங்க.

சிலிண்டர் வைக்கற கப்போர்டு கதவுல அடியில ஓட்டை கட்டாயம் வேணும். கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா கீழதான் தேங்கும், மேல ஜன்னல் இருக்குன்னு சமாதானம் ஆகாதீங்க.

ரேட் பேசும்போது சதுர அடி எப்படி கணக்குன்னு கேளுங்க. ஒருத்தர் முன்பக்கத்த மட்டும் அளப்பாரு, பத்தடி நீளம் ரெண்டரை அடி உயரம்னா 25 சதுர அடி. இன்னொருத்தர் உள்ள போற ஒவ்வொரு பலகையையும் அளப்பாரு, அது எங்கயோ போகும். அதனால ரெண்டு பேரோட ரேட்டையும் நேரா ஒப்பிடவே முடியாது. டிராயர், கூடை, கீல் எல்லாம் உள்ள சேத்தியா தனியான்னு தாள்ல எழுதி வாங்குங்க.

பலகை வந்து எறங்கற அன்னிக்கு லீவு போட்டாவது வீட்ல இருங்க, வெட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஷீட்லயும் இருக்கற முத்திரைய போட்டோ எடுத்துருங்க, மைக்கா ஒட்டினப்புறம் உள்ள என்ன இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. சிங்க்ல ரெண்டு வாளி தண்ணிய ஒரேயடியா ஊத்தி, பைப் ஜாயின்ட்ட காய்ஞ்ச துணியால துடைச்சு ஈரம் ஒட்டலன்னு பாத்தப்புறம் அடியில கதவ மாட்டச் சொல்லுங்க.