ரெஃபரன்ஸ் பட்டியலில் நான் செய்த, இன்னும் எல்லோரும் செய்கிற தவறுகள்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், இடையிடையே பிஜி டாக்டர்களின் தீசிஸ், ஜர்னலுக்கு அனுப்பும் கட்டுரை. போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் கட்டுரையோடு வந்தார்கள். சான்றாக எடுத்த கட்டுரைகளைக் கடைசியில் அடுக்கும் ரெஃபரன்ஸ் பட்டியல் மூன்றிலும், தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே கூத்து. கமா, முற்றுப்புள்ளி, சாய்வெழுத்து பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஜர்னல் தருகிற விதிமுறைப் பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் அதை யாரும் சரி செய்துவிடலாம்.

எண்ணைக் கையால் அடிப்பது

1978-இல் கனடாவின் வான்கூவரில் மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் சிலர் கூடிப் பேசியதில் ஆரம்பித்தது வான்கூவர் முறை. கட்டுரையில் எந்த ரெஃபரன்ஸ் முதலில் வருகிறதோ அது 1, அடுத்தது 2. கேட்க எளிதாக இருக்கும். ஜர்னலுக்காகக் கட்டுரையைப் பரிசீலிக்கும் ரிவ்யூவர் "முன்னுரையில் இன்னொரு ஆய்வைச் சேருங்கள்" என்று எழுதும் வரைதான் அந்த எளிமை. எனக்கு அப்படி வந்தபோது வேர்டில் [3]-ஐ எல்லாம் [4] ஆக்கு என்றேன். பிறகு [4]-ஐ எல்லாம் [5] ஆக்கு என்றேன். இப்படியே 38 வரை போய்த் திரும்பிப் பார்த்தால் கட்டுரை முழுக்க ஒரே எண் நிற்கிறது.

ரெஃபரன்ஸ் எண்களைத் தானே மாற்றிக்கொள்ளும் ஜோடெரோ மென்பொருள் இலவசம். முதல் வரி எழுதும் முன்பே அதைப் போட்டுவிடுங்கள்.

அதுவும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. அட்டவணைக்குள் மட்டும் வருகிற ரெஃபரன்ஸ். கட்டுரையில் அந்த அட்டவணையை முதன்முதலாக எங்கே குறிப்பிடுகிறோமோ, அந்த இடத்து வரிசையில்தான் அதற்கு எண் விழ வேண்டும். அட்டவணைகளைக் கடைசிப் பக்கங்களில் வைப்பதால் மென்பொருள் அவற்றுக்குக் கடைசி எண்களைக் கொடுத்துவிடும். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தவர் பட்டியலிலிருந்து எடுப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். பாதி என் மேலேயே.

ஸ்கிரப் டைபஸ் என்ற காய்ச்சல் பற்றிக் கட்டுரை எழுதிய ஒரு டாக்டரம்மா, ரிவ்யூவர் பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஐந்து மாதம் காத்திருந்து வந்த பதில். 14-ஆவது ரெஃபரன்ஸில் சொன்ன தொகுதியில், சொன்ன பக்கத்தில் இருப்பது சம்பந்தமே இல்லாத கட்டுரை. இதையே படிக்காதவர்கள் மற்றதையாவது படித்தார்களா என்று கேட்டு, நிராகரித்திருந்தார்கள்.

"நான் ஒண்ணும் தப்பா போடலையே அண்ணாச்சி. சீனியர் தீசிஸ்ல இப்பிடித்தான போட்ருக்கு" என்று ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். பக்க எண்ணுக்கு மேலே இரட்டைக்கோடு, ஓரத்தில் சின்னப் பூ. அந்தப் பூவை அந்தக் காலத்தில் நான்தான் வைப்பேன். பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி ஃபைலை எடுத்தேன். தொகுதி 17. மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான பப்மெட்டில் தேடினால் 71. எட்டு வருஷத்துக்கு முன்னால், கொடை நோட்டீஸ் அவசரத்துக்கு நடுவே, நான் இரண்டு இலக்கத்தை மாற்றி அடித்திருக்கிறேன். அடித்தது நான், சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டது அந்த சீனியர், அதை அப்படியே எடுத்தது இந்தம்மா. இடையில் இன்னும் இரண்டு தீசிஸில் அதே 17 இருந்ததையும் பிறகு பார்த்தோம். ஊர் சுற்றிவிட்டு என் கடைக்கே வந்து நிற்கிறது.

"அந்தக் கட்டுரையத் தெறந்தாவது பாத்தீங்களாம்மா?"

"இல்ல அண்ணாச்சி."

அப்போதே திறந்தோம். அடுத்த அடி அங்கே காத்திருந்தது. பெரியவர்களுக்கு வரும் காய்ச்சல் பற்றிய வாக்கியத்துக்கு அவர் அதைச் சான்றாக வைத்திருந்தார். அந்த ஆய்வு குழந்தைகளை வைத்துச் செய்தது. தொகுதி எண் சரியாக இருந்திருந்தாலும் வாக்கியம் தப்புதான். இலக்கம் மாறிப்போனது என் கை. இது யார் கை?

இது திருநெல்வேலிச் சீமைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. கலிஃபோர்னியாவில் சிம்கின், ராய்சவுத்ரி என்ற இருவர் 2003-இல் இதை வைத்தே கணக்குப் போட்டார்கள். 4,300 முறை சுட்டப்பட்ட ஒரு கட்டுரைக்கு 196 இடங்களில் விவரம் பிழையாக இருந்தது. ஆனால் வெவ்வேறு பிழை என்று பார்த்தால் 45தான். ஒரே ஒரு பிழை மட்டும் 78 முறை வந்திருந்தது. தனித்தனியாக 78 பேருக்கு ஒரே மாதிரி கை வழுக்காது. பார்த்து எழுதினால்தான் அப்படி வரும். மூலத்தைப் படித்துவிட்டுச் சுட்டுகிறவர்கள் சுமார் 20 சதவீதம் என்பது அவர்கள் மதிப்பீடு.

மருத்துவத்தில் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1980-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்து வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளில், ஓபியாய்டு என்ற அபின் வகை வலிநிவாரணி பெற்றவர்களுக்கு அடிமைத்தனம் அரிது என்று சொன்ன கடிதம். 2017-இல் அதே ஜர்னலில் எண்ணிப் பார்த்தார்கள்: 608 இடங்களில் சுட்டப்பட்டிருந்தது. அவற்றில் 72 சதவீதம், அடிமைத்தனம் அரிது என்பதற்கே அதைச் சான்றாக வைத்தவை. அது மருத்துவமனைக்குள் இருந்தவர்களைப் பற்றியது என்பதை 80 சதவீதத்துக்கு மேல் சொல்லவே இல்லை. ஐந்து வாக்கியம். வாசிக்க ஒரு நிமிஷம் ஆகாது.

இப்போது என் கடையில் ஒரு வழக்கம். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பிடிஎஃப்பைத் திறந்து, எந்த வரியை நம்பிச் சுட்டினாரோ அந்த வரியில் மஞ்சள் பூசிக் காட்டச் சொல்வேன். பூச முடியாததை எடுத்துவிடுவோம். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனதும் உண்டு. போகட்டும்.

அப்பாவை ஆசிரியராக்குவது

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். மென்பொருளுக்கு அது தெரியாது. கடைசியில் நிற்கும் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும். எஸ். இசக்கிமுத்து என்று எழுதினால் 'இசக்கிமுத்து எஸ்' என்று சரியாக வரும். அதையே இசக்கிமுத்து சுடலைமாடன் என்று விரித்து எழுதினால் 'சுடலைமாடன் இ' ஆகிவிடும். பிள்ளை ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதிய கட்டுரை அப்பா பேரில் நிற்கும். முதல் கட்டுரையில் எந்த வடிவமோ, கடைசி வரைக்கும் அதே வடிவத்தில் எழுதுங்கள். மற்றவர் பெயரைச் சுட்டும்போது பப்மெட்டில் இருப்பதை அப்படியே வையுங்கள். அவர் உங்கள் தெருக்காரராகவே இருந்தாலும் திருத்தாதீர்கள்.

எத்தனை பேருக்குப் பிறகு 'மற்றும் பலர்'

சில ஜர்னலுக்கு ஆறு பேர், சிலவற்றுக்கு மூன்று. அந்த ஜர்னலின் கடைசி இதழைத் திறந்து எண்ணுங்கள்.

ஏஐ கொடுத்த ரெஃபரன்ஸ்

கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ-யைத் தட்டுங்கள். திறந்தாலும் தலைப்பைப் படியுங்கள். வேறு கட்டுரையாக இருக்கலாம்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை

எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998 லான்செட் கட்டுரையை, 2010-இல் லான்செட்டே திரும்பப் பெற்றது. அத்தனை பிரபலமில்லாதவைதான் பட்டியலுக்குள் சத்தமில்லாமல் நுழைகின்றன. பப்மெட் பக்கத்தின் மேலே அறிவிப்பு இருக்கும். ஜோடெரோவும் எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கையை மூடிவிட்டு வேலையைப் பார்த்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

இணைப்பை அறுப்பது

சில ஜர்னல்கள், கட்டுரைக்கும் ஜோடெரோவுக்கும் உள்ள இணைப்பை நீக்கிவிட்டு வெறும் எழுத்தாக அனுப்பச் சொல்லும். அறுத்தால் பிறகு ஒட்டாது. முதலில் ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் அறுங்கள். மூலத்திலேயே அறுத்துவிட்டு, திருத்தம் கேட்டு வந்த அன்று ராத்திரி பத்து மணிக்கு "அண்ணாச்சி, கடை தெறந்திருக்கா?" என்று போன் போட்டவரும் அதே டாக்டரம்மாதான். திறந்து வைத்திருந்தேன். அந்த 17-க்கான கடன்.